பார்டர் தின்ற புள்ளிகள்

"தஙகள வருகைககு நனறி."

இது நான் அடித்த பிழை இல்லை. போன தை மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், பெரம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், நான்கு ஷீட் ஸ்டிக்கரில் வரிசை வரிசையாக இப்படித்தான் அச்சாகி வந்திருந்தது. முதலில் பார்த்தது அப்பாதான். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, ஷீட்டை மூக்குக்குப் பக்கத்தில் பிடித்து, எழுத்தில் இருந்ததை இருந்தபடியே சத்தமாகப் படித்தார். "தஙகள... வருகைககு... நனறி. என்னம்மா இது, எந்த ஊர்ப் பாஷை?"

கீழ்வீட்டு அக்கா பெண்ணுக்கு மறுநாள் காலை வளைகாப்பு. தாம்பூலப் பையில் ஒட்டுவதற்கு 150 ஸ்டிக்கர். பையெல்லாம் வந்து, வெற்றிலை பாக்கு, மஞ்சள் கிழங்கு, கண்ணாடி வளையல் எல்லாம் தயாராக இருக்கிறது. ஸ்டிக்கர் மட்டும் பாக்கி. அச்சடித்த கடையும் ஞாயிறு விடுமுறை. கடைக்காரர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நான் கொடுத்ததைத்தான் அடித்துக் கொடுத்திருக்கிறார்.

உடனே கம்ப்யூட்டரில் ஃபைலைத் திறந்து பெரிதாக்கிப் பார்த்தேன். நான்கு புள்ளியும் இருந்தன. ங் மேல் ஒன்று, ள் மேல் ஒன்று, க் மேல் ஒன்று, ன் மேல் ஒன்று. இருந்தன, ஆனால் தெரியவில்லை. நான் போட்ட வெள்ளை பார்டர் அவற்றை முழுசாகத் தின்றிருந்தது.

நான் எட்டு வருடமாக வீட்டிலிருந்தே இந்த டிசைன் வேலை பார்க்கிறேன். பிறந்தநாள் பேனர், வரவேற்பு போர்டு, ரிட்டர்ன் கிஃப்ட் ஸ்டிக்கர், கண்ணீர் அஞ்சலி போஸ்டர் வரைக்கும். படத்தைச் சுற்றியும் எழுத்தைச் சுற்றியும் பார்டர் போடாத நாளே கிடையாது. "கொஞ்சம் பார்டர் போட்டு எடுப்பா காமிங்க" என்பதுதான் வாடிக்கையாளர்கள் எல்லோரும் தவறாமல் சொல்லும் ஒரே வாக்கியம். எட்டு வருடம் போட்ட பார்டர் அன்றைக்குத்தான் எனக்குச் சரியாகப் புரிந்தது என்று சொன்னால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடந்தது இதுதான். முதலில் அக்கா கேட்டது வாட்ஸ்அப்பில் அனுப்ப ஓர் அழைப்பிதழ். ஏ4 அளவில் கோரல்டிரா என்ற டிசைன் மென்பொருளில் செய்தேன். பின்னால் பூ டிசைன், மேலே அரக்கு நிறத்தில் குண்டு எழுத்து. பூவுக்கு மேல் அரக்கு எடுபடவில்லை, அதனால் எழுத்தைச் சுற்றி 0.6 மில்லிமீட்டரில் வெள்ளை அவுட்லைன். பார்க்க நன்றாகவே இருந்தது. அப்புறம் ஸ்டிக்கர் கேட்டார்கள். அதே எழுத்தை எடுத்து, வார்த்தையை மாற்றி, மூலையைப் பிடித்து இழுத்து நாலில் ஒரு பங்காகச் சுருக்கினேன். ஸ்டிக்கருக்குப் பூவெல்லாம் வேண்டாம், வெள்ளையாகவே இருக்கட்டும் என்றார்கள். பின்னணியையும் எடுத்துவிட்டேன்.

எழுத்து சுருங்கியது. அவுட்லைன் சுருங்கவில்லை.

கோரலில் எஃப்12 தட்டினால் அவுட்லைன் பென் என்ற பெட்டி வரும். அதில் "ஸ்கேல் வித் ஆப்ஜெக்ட்" என்று ஒரு சின்னக் கட்டம். அதை டிக் செய்யாவிட்டால், பொருளை எவ்வளவு பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் கோட்டின் தடிமன் அப்படியே நிற்கும். ஏ4-இல் என் எழுத்தின் உடம்பு 4 மில்லிமீட்டர் தடிமன், புள்ளி 2.4 மில்லிமீட்டர். நாலில் ஒரு பங்கு ஆனதும் உடம்பு 1 மில்லிமீட்டர், புள்ளி 0.6. அவுட்லைன் மட்டும் அதே பழைய 0.6. அந்தக் கோடு எழுத்தின் விளிம்பில் நடுவாக உட்காரும். பாதி வெளியே, பாதி உள்ளே. அதாவது ஒவ்வொரு பக்கத்திலிருந்தும் 0.3 மில்லிமீட்டரை உள்ளே தின்னும். எழுத்தின் உடம்பில் இரண்டு பக்கமும் தின்றது போக 0.4 மிஞ்சியது. இளைத்துப் போனாலும் உயிர் இருந்தது. புள்ளியில் 0.6 கழித்தல் 0.6. பூஜ்யம். வெள்ளைக் காகிதத்தில் வெள்ளைப் புள்ளி.

பழைய ஓலைச்சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். எழுத்தாணி ஓலையைக் கிழித்துவிடும் என்பதால். படிப்பவர் இடம் பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டியதுதான். நான் கஷ்டப்பட்டு, காசு கொடுத்து, அதே நிலைமையை 2 அங்குல ஸ்டிக்கரில் கொண்டுவந்திருந்தேன். "வாழ்த்துகள்" சரியா, "வாழ்த்துக்கள்" சரியா, அந்த க் வருமா வராதா என்று என்னிடம் மணிக்கணக்காகச் சண்டை போட்ட வாடிக்கையாளர்கள் உண்டு. அவர்கள் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்களோ.

கோடு எங்கே உட்கார்கிறது என்பதுதான் இதில் எல்லாமே. மூன்றே இடம்தான். உள்ளே, வெளியே, நடுவே. உள்ளே என்பது வேட்டிக்கரை மாதிரி. கரை துணியில்தான் இருக்கிறது, கரை அகலமானால் வெள்ளைப் பகுதி குறையும், வேட்டி பெரிதாகாது. வெளியே என்பது மார்கழியில் அம்மா கோலத்தைச் சுற்றிப் போடும் காவி. மாவுக்கோட்டின் மேல் காவி ஏறாது, ஒட்டினாற்போல் வெளியே ஓடும், கோலம் போட்டபடியே இருக்கும். நடுவே என்பது எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்கும் நடுவே எழுப்பும் பொதுச்சுவர். நம் மனையில் பாதி, பக்கத்து மனையில் பாதி. சுவர் எவ்வளவு தடிக்கிறதோ அதில் பாதி நம் கூடத்திலிருந்து போகும்.

ஃபோட்டோஷாப்பில் லேயரை, அதாவது படத்தின் ஓர் அடுக்கை, இரட்டைக் கிளிக் செய்து ஸ்ட்ரோக் (பார்டருக்கு அங்கே அதுதான் பெயர்) என்று போனால் இந்த மூன்றையும் பொசிஷன் என்ற இடத்தில் கேட்கும். எழுத்துக்கு "அவுட்சைட்" தவிர வேறு எதையும் நான் இனிமேல் தொடமாட்டேன். சதுரமான போட்டோவுக்கு மட்டும் "இன்சைட்". அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. வெளியே போட்டால் நான்கு மூலையும் உருண்டுவிடும், உள்ளே போட்டால் மூலை கூராக நிற்கும். இன்னொன்று, போட்டோ கேன்வாஸ் முழுக்க நிறைந்திருந்தால் வெளிப்பக்கம் போட்ட பார்டர் கண்ணுக்கே தெரியாது. அது விழ வேண்டிய இடம் கேன்வாஸுக்கு வெளியே. புதிதாகக் கற்பவர்கள் "நான் போட்டேன், வரலையே" என்று சைஸை 10, 20, 50 என்று ஏற்றிக்கொண்டே போவார்கள். நானும் ஏற்றியவள்தான்.

ஃபோட்டோஷாப்பிலும் சுருக்கும்போது இதே குழி உண்டு. கன்ட்ரோல் டி போட்டு லேயரைச் சிறிதாக்கினால் எழுத்து சிறிதாகும், ஸ்ட்ரோக் அதே பிக்சலில் நிற்கும். மொத்தப் படத்தையும் இமேஜ் சைஸ் வழியாகக் குறைத்தால், அங்கே "ஸ்கேல் ஸ்டைல்ஸ்" என்று கேட்கும், அது டிக்கில் இருந்தால் தப்பித்தோம்.

கோரலில் நான் கண்டுபிடித்த வைத்தியம் "பிஹைண்ட் ஃபில்" என்ற இன்னொரு கட்டம். அதை டிக் செய்தால் கோடு எழுத்துக்குப் பின்னால் போய்விடும். உள்ளே ஏறிய பாதியை எழுத்தே மறைத்துக்கொள்ளும், வெளியே உள்ள பாதிதான் தெரியும். அதனால் 0.6 வேண்டுமென்றால் 1.2 என்று கொடுக்க வேண்டும். இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இதே வசதி ஃபில் அண்ட் ஸ்ட்ரோக் பலகையில் "ஆர்டர்" என்ற பெயரில் இருக்கிறது, எது முன்னால் எது பின்னால் என்று நாமே சொல்லலாம். கூடவே மூலையை உருண்டையாக வைத்துவிடுங்கள். கூரான மூலை வைத்தால், எழுத்தில் இரண்டு கோடு நெருங்கிச் சேரும் இடங்களில் அவுட்லைன் முள்ளு முள்ளாக நீட்டிக்கொண்டு நிற்கும். தமிழ் எழுத்து வளைவாக இருக்கிறதே, முள் எங்கே வரப்போகிறது என்று நினைப்போம். சுழி வந்து உடம்பில் ஒட்டும் இடத்தைப் பாருங்கள், தெரியும்.

சுழி என்றதும் ஒன்று. ண, ன, ஞ, ணை, கொம்பு என்று நம் எழுத்தில் எத்தனை வளையம். ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் ஒரு சின்ன வெற்றிடம். வெளிப்பக்கம் போட்ட பார்டரும் அந்த வளையத்தின் உள்விளிம்பில் ஓடும். எழுத்துக்கு அதுவும் "வெளியே"தான். பார்டர் தடித்தால் வளையம் அடைத்துக்கொள்ளும். பார்டர் நிறமும் பின்னணி நிறமும் ஒன்றாக இருந்தால் பரவாயில்லை. அடர்நிற பார்டர் என்றால் ண எது ன எது என்று எண்ணிப் பார்க்க வேண்டியதாகிவிடும். ஆங்கில எழுத்தில் போட்டுக் காட்டும் வீடியோவைப் பார்த்து அதே அளவைத் தமிழுக்கு வைத்தால் இந்த வம்புதான். நான் இப்போது எந்த எழுத்துருவைத் தொட்டாலும் முதலில் "க்" அடித்துப் புள்ளியின் அகலத்தைப் பார்க்கிறேன். பார்டர் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது. இது எங்கேயும் எழுதிவைத்த கணக்கில்லை, என் கை கண்டது.

அரசியல் கட்சி போஸ்டர்களில் பார்ப்பீர்களே, எழுத்து, அதைச் சுற்றி வெள்ளை, அதைச் சுற்றி இன்னொரு நிறம். முன்பெல்லாம் அதற்கு லேயரை நகல் எடுத்து அடியில் வைப்போம். ஃபோட்டோஷாப்பின் 2015 பதிப்பிலிருந்து ஒரே லேயரில் ஸ்ட்ரோக் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தி ஒன்றுக்கு மேல் போடலாம். ஜிம்ப் என்ற இலவச மென்பொருளின் 3.0 பதிப்பு 2025-இல் வந்தது, அதில் எழுத்துக் கருவியிலேயே அவுட்லைன் வசதி சேர்ந்திருக்கிறது. மகிழ்ச்சி. அதுவரைக்கும் ஜிம்ப்பில் ஓர் எழுத்துக்கு பார்டர் போடுவது ஒரு சமையல் மாதிரி இருந்தது.

அந்தச் சமையல் போட்டோவுக்கு இன்னும் தேவைப்படுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். அதே வளைகாப்புக்கு வாசலில் வைக்க ஒரு வரவேற்பு போர்டு. பெண்ணின் படத்தைப் பின்னணி வெட்டி எடுத்து, சுற்றி ஸ்டிக்கர் மாதிரி வெள்ளை பார்டர் வேண்டும். வெட்டிய லேயரில் வலது கிளிக், "ஆல்ஃபா டு செலக்‌ஷன்". பெண்ணின் உருவத்தைச் சுற்றி எறும்பு ஊர்வது போல் ஒரு புள்ளிக்கோடு ஓடும். செலக்ட் மெனுவில் "க்ரோ", அந்தக் கோட்டை 12 பிக்சல் வெளியே தள்ள. அடியில் ஒரு புது லேயர், அது படத்தின் முழு அளவுக்கு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பார்டர் ஓரத்தில் கத்தி வைத்த மாதிரி வெட்டுப்படும். அதில் வெள்ளை நிரப்பு. முடிந்தது.

முடியவில்லை. பெண் இடுப்பில் கை வைத்து நிற்கிறாள். முழங்கைக்கும் இடுப்புக்கும் நடுவே முக்கோணமாக ஓர் ஓட்டை. மூன்று பக்கமிருந்தும் 12 பிக்சல் வெள்ளை உள்ளே நுழைந்து, நடுவில் ஒரு கீறல் மட்டும் மிஞ்சி, என்னவோ புடவை கிழிந்த மாதிரி. செலக்ட் மெனுவிலேயே "ரிமூவ் ஹோல்ஸ்" இருக்கிறது, நிரப்புவதற்கு முன் அதைத் தட்டினால் ஓட்டை மூடிவிடும். சரி. அடுத்தது தலை. கொண்டையில் மல்லிச்சரம், நெற்றியோரத்தில் அடங்காத முடி. ஒவ்வொரு முடியையும் சுற்றி பார்டர் வீங்கி, தலையில் பஞ்சு ஒட்டியது போல். இதற்குக் கருவி கிடையாது. படத்துக்கு அடியில் உள்ள வெள்ளை லேயரில் பிரஷ்ஷை எடுத்து, தலையைச் சுற்றி நானே ஒரு வழவழப்பான வளைவு வரைந்துவிட்டேன். முடி அதற்குள் அடங்கிவிட்டது. பார்டர் என்பது உருவத்தை அப்படியே பின்பற்ற வேண்டியதில்லை, உருவத்துக்கு ஒரு சுருக்கம் சொன்னால் போதும்.

ஃபோட்டோஷாப்பில் பின்னணி வெட்டுகிறவர்களுக்கு ஒரு தொழில் ரகசியம். வெட்டி முடித்ததும் சும்மாவாவது 10 பிக்சலில் ரத்தச் சிவப்பாக ஒரு ஸ்ட்ரோக் போட்டுப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாமல் அங்கங்கே விட்டுப்போன தூசி ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிவப்பு வட்டம் வந்து நிற்கும். அம்மை போட்ட மாதிரி இருக்கும். அழித்துவிட்டு ஸ்ட்ரோக்கை எடுத்துவிடலாம்.

எனக்கு ஒரு கருத்து உண்டு, வாடிக்கையாளர்களிடம் சொன்னால் வேலை போய்விடும் என்பதால் இங்கே சொல்கிறேன். பாதி இடங்களில் பார்டரே தேவையில்லை. பெரம்பூர் ரயில் நிலையத்துப் பெயர்ப்பலகையைப் பாருங்கள். மஞ்சளில் கறுப்பு. அவுட்லைன் இல்லை, ஷேடு இல்லை. ஓடுகிற வண்டியிலிருந்து ம் மேலும் ர் மேலும் உள்ள புள்ளி இரண்டும் தெரியும். பூப்போட்ட பின்னணியில் அரக்கு எழுத்தை வைத்தது என் தப்பு. அந்தத் தப்பை மூட பார்டர் போட்டேன். அப்புறம் ஸ்டிக்கருக்குப் பின்னணியை எடுத்தபோது பார்டரையும் எடுத்திருக்க வேண்டும். வெள்ளையில் அரக்குக்கு எதற்கு வெள்ளை பார்டர்?

அப்பா இதைக் கேட்டுவிட்டு, "எழுத்து மேல அவுட்லைன் ஏறுமா? யார் சொல்லிக் குடுத்தது?" என்றார். அவர் போர்டு ஆர்ட்டிஸ்ட். ஓட்டேரியிலும் வியாசர்பாடியிலும் முப்பது வருடம் கடை போர்டு எழுதியவர். ஃப்ளெக்ஸ் வந்ததும் பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். அவர் முறையில் முதலில் எழுத்து, அது காய்ந்த பிறகு நீள முடி பிரஷ்ஷில் வெளிப்பக்கமாக அவுட்லைன். வளைவில் கை நிற்க, இடது கையில் ஒரு குச்சியைப் பலகையில் ஊன்றி அதன் மேல் வலது மணிக்கட்டை வைத்துக்கொள்வார். எழுத்தின் மேல் பெயின்ட் பட்டால் துணியால் துடைத்துவிட்டு மறுபடி போடுவார். நடுவில் உட்காரும் கோடு என்று ஒன்று இருப்பதே அவருக்குப் புதுச் செய்தி. "அப்போ பாதி எழுத்து வீணாப் போவுதே" என்றார். நான் ஒன்றும் பேசவில்லை.

மணி எட்டு. முதலில் சிவப்பு ஜெல் பேனாவால் புள்ளி வைத்துப் பார்த்தேன். பளபளப்புத் தாளில் மை பிடிக்கவில்லை, விரல் பட்டதும் இழுத்துக்கொண்டு வந்தது. கறுப்பு சிடி மார்க்கர் பிடித்தது. ஆனால் அரக்கு எழுத்தின் மேல் கறுப்புப் புள்ளி, ஈ உட்கார்ந்த மாதிரி. மூன்று ஸ்டிக்கர் போச்சு. நல்லவேளை, ஷீட்டுக்கு 40 வீதம் 160 அடித்திருந்தார்கள்.

அப்பா எழுந்துபோய்ப் பரண் மேலிருந்து பிஸ்கட் டின்னை இறக்கினார். எனாமல் சிவப்பு, மூடி இறுகியிருந்ததை ஸ்பூன் காம்பால் நெம்பித் திறந்தார். மேலே படர்ந்திருந்த ஆடையைக் கிழித்து ஒதுக்கிவிட்டு, ஒரு கொட்டாங்குச்சியில் கொஞ்சம் சிவப்பு, குச்சி நுனியில் தொட்ட அளவு கறுப்பு, இரண்டு சொட்டு டர்பென்டைன். கலக்கினார். ஸ்டிக்கர் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இன்னும் ஒரு தொடு கறுப்பு. அரக்கு வந்துவிட்டது. மானிட்டரில் நான் நிறத்துக்கு நம்பர் தேடிக்கொண்டிருந்திருப்பேன்.

பிரஷ்ஷால் வைக்கவில்லை. தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைச் சாய்வாகச் சீவிக்கொண்டு, தொட்டு, தாளின் மேல் பட்டும் படாமலும் ஒரு தட்டு. ஒரு புள்ளி. ங், ள், க், ன். அடுத்த ஸ்டிக்கர். ஒரு ஸ்டிக்கருக்கு நான்கு, 150-க்கு 600. நானும் ஒரு தீக்குச்சி எடுத்தேன். என் புள்ளி ஒன்று பெரிதாகவும் ஒன்று நீளமாகவும் விழுந்தது. "அழுத்தாதே, சொட்டு தானா எறங்கும்" என்றார். எழுபத்திரண்டு வயதில் அவருக்குக் காபி டம்ளர் பிடித்தால் கை நடுங்கும். அன்றைக்கு நடுங்கவில்லை என்று எழுத ஆசைதான். நடுங்கியது. இடது கையால் வலது மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டு வைத்தார். நான் ஒரு ஷீட் முடிப்பதற்குள் அவர் இரண்டரை ஷீட் முடித்திருந்தார்.

டர்பென்டைன் வாசனை வீடெல்லாம். அம்மா ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு, "கொசு வரும், உள்ள வராம ரெண்டு பேரும் இங்கயே படுங்க" என்று கதவைச் சாத்திக்கொண்டாள். எனாமல் காய நேரம் எடுக்கும். நான்கு ஷீட்டையும் தரையில் பரப்பி, ஃபேனைக் குறைத்து வைத்து, நடக்க வழி இல்லாமல் சுவரோரமாகவே படுத்தோம்.

காலையில் கீழ்வீட்டு அக்கா வந்து ஸ்டிக்கரை உரித்து ஒன்று ஒன்றாகப் பையில் ஒட்டினார். "நல்லா இருக்கும்மா, எழுத்து கொஞ்சம் ஒல்லியா இருக்கோ?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் அக்கா என்றேன்.

மத்தியானம் எங்களுக்கும் ஒரு தாம்பூலப் பை வந்தது. அதை இன்னும் தூக்கிப் போடவில்லை, கம்ப்யூட்டர் மேசை ஆணியில் மாட்டியிருக்கிறேன். ஸ்டிக்கரின் மேல் கட்டைவிரலை ஓட்டினால் எழுத்து எதுவும் கையில் படாது. அந்த நான்கு புள்ளி மட்டும் மேடாகத் தட்டுப்படும்.